டெண்டாய், கல் வந்துவிட்டது

மஸ்விங்கோ,
ஜூன் 14

அன்பு மகன் டெண்டாய்க்கு,

பள்ளியில் ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். நம் ஜிம்பாப்வேயை ஆண்ட முகாபேயைப் பற்றித் தாத்தாவிடம் கேட்கலாமா என்று உன் மகன் குரல்பதிவு அனுப்பியிருந்தான். தாத்தா என்பதை நம் ஷோனா மொழியில் "சேகுரு" என்று அழகாகக் கூப்பிட்டான். இருந்தாலும் வீட்டில் ஷோனாவிலேயே பேசுங்கள். உன் குரலை ஈஸ்டருக்குப் பிறகு நான் கேட்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

அம்மாவின் கல்லறைக் கல் வந்துவிட்டது, முட்டோக்கோ கறுங்கல். திறப்பு ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை. எல்லோரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

பையன் எழுதிக்கொள்ளட்டும்: முகாபே 1924இல் குட்டாமா மிஷனில் பிறந்தார். தச்சு வேலை செய்த அப்பா, இவருக்குப் பத்து வயது இருக்கும்போது புலவாயோவுக்குப் பிழைக்கப் போய் அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். முகாபே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார், வாத்தியாரானார். கானாவில் பாடம் நடத்தும்போதுதான் பின்னாளில் மனைவியான சாலியைச் சந்தித்தார். 1964 முதல் பத்து ஆண்டு இயான் ஸ்மித்தின் வெள்ளையர் அரசின் சிறையில் இருந்தார். உள்ளேயிருந்து தபால் வழியில் பட்டங்கள் வாங்கினார். 1966இல் கானாவில் அவருடைய மூன்று வயது மகன் மலேரியாவில் இறந்தான். புதைக்கப் போக அனுமதி கேட்டார், தரவில்லை.

1980இல் அவர் பிரதமரானபோது எனக்கு 24 வயது. நம்மைப் போல ஒரு வாத்தியார் நாட்டை ஆள்கிறார் என்று எத்தனை பெருமை! கிராமத்துக்குக் கிராமம் பள்ளி திறந்தார்கள். நானும் காலையில் ஊராரோடு செங்கல் சுமந்து, பிற்பகல் மரத்தடியில் கணக்கு நடத்தியவன்தான். இதைப் பையன் கட்டாயம் எழுதவேண்டும். நீ இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

1983இல் நாட்டின் மேற்கிலுள்ள மட்டபெலேலாந்துக்கு ஐந்தாம் படைப்பிரிவை அனுப்பினார். வட கொரியாவிடம் பயிற்சி பெற்ற படை. அந்த நான்கைந்து ஆண்டுகளில் மாண்டவர்கள் இருபதாயிரம் வரை இருக்கும் என்கிறார்கள். கலகக்காரர்களை ஒடுக்குகிறோம் என்று ரேடியோ சொன்னது, நாங்கள் நம்பினோம். நம்பினோம் என்பதுகூடச் சரியில்லை, யாரையும் கேட்காமல் இருந்தோம். 1987இல் அவர் அதிபரானார். பள்ளி அலுவலகத்தில் அவர் படத்தின் கண்ணாடியை வெள்ளிக்கிழமைதோறும் நான்தான் துடைப்பேன். 2017இல் ராணுவம் அவரை இறக்கியது. 2019இல் சிங்கப்பூர் மருத்துவமனையில் இறந்தார். அதே ஆணியில் இப்போது அடுத்தவர் படம் தொங்குகிறது.

2008 பற்றி அவனுக்கு எண்கள் பிடிக்கும் என்றால் சொல்: அந்த ஜூலையில் பணவீக்கம் 23 கோடி சதவீதம். இது அரசே சொன்ன கணக்கு. என் மாதச் சம்பளம் பள்ளிக்குப் போய்வரும் பஸ்ஸுக்குக் காணாது. நூறு டிரில்லியன் டாலர் நோட்டு ஒன்று அம்மாவின் மாவு டப்பாவில் இன்னும் கிடக்கிறது. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் பாறைகள், பின்பக்கம் எருமை. பையனுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பமாட்டேன், நேரில் தருவேன்.

முதியோர் இல்லத்தில் எடுபிடியாகத் தொடங்கி இன்று நர்ஸாகிவிட்டாய் என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்கிறேன். ஊரார் அம்மாக்களையெல்லாம் குளிப்பாட்டுகிறாய். உன் அம்மாவைக் கடைசி மாதம் பக்கத்து வீட்டுப் பெண்தான் குளிப்பாட்டினாள். இதை எழுதியிருக்கக் கூடாது. பேனாவால் எழுதியாகிவிட்டது.

டெண்டாய், அந்த 2008 மார்ச் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் ஸ்வாங்கிராய் முந்தினார், முடிவை ஐந்து வாரம் பூட்டி வைத்தார்கள், பிறகு இரண்டாம் சுற்று என்றார்கள், ஆளுங்கட்சிக்காரர்களின் அடி தொடங்கியது. அதையெல்லாம் நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஸ்வாங்கிராய் கட்சியின் சின்னமான விரித்த கை போட்ட சட்டையோடு நீ திரிந்தாய், கழற்றிவிடு என்று நான் கத்தினேன். ஜூனில் ஒரு ராத்திரி உன்னைத் தேடி வந்தார்கள், அலமாரியைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மணி இருக்கும், பின்கதவை இரண்டு முறை தட்டினாய். நாய் குரைக்கவில்லை. அதனால் நீதான் என்று தெரிந்தது. அம்மா எழுந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தேன். வாயையும் பொத்தினேன். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் கை உடைந்து கிடந்தாய். தூங்கிவிட்டோம் என்று உன்னிடம் சொன்னேன். அவள் தலை குனிந்து நின்றாள்.

அவள் தூங்கவில்லை. 'அம்மாவுமா கேட்கவில்லை' என்று நீ ஒருமுறை போனில் கேட்டபோதும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மகனைப் புதைக்கப் போகவிடவில்லை என்று முகாபேக்காக வருத்தப்பட்டு நாலு வரி எழுதிவிட்டேன். என்னை யாரும் தடுக்கவில்லை. தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இதில் எதைப் பையனிடம் சொல்வது என்று நீயே பார்த்துக்கொள். ஒரு பக்கம் எழுதினால் போதுமாம். வீட்டில் ஷோனாவில் பேசுங்கள். வருவதானால் ஹராரேயிலிருந்து பகல் பஸ்ஸில் வா, இரவில் வேண்டாம், மாடுகள் ரோட்டில் படுத்திருக்கும். ஆகஸ்டில் இங்கே ராத்திரி குளிரும், பையனுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

உன்
பாபா