திரைப்பட வட்டத்தின் ஆண்டறிக்கை, 2025

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில், இந்த வருடம் முழுக்க அமெரிக்க விளையாட்டு வீரர்களைப் பற்றிய படங்களாகவே போடுவோம் என்று நான் சொன்னபோது பாதிப் பேருக்கு மனமில்லை. பேஸ்பால் விதியே தெரியாது, உட்கார்ந்து என்ன பார்ப்பது என்று கேட்டீர்கள். சிகாகோவின் மேற்குப் புறநகரில் இத்தனை வருடம் குடியிருந்தும், நம் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் பேசுகிற ஆட்டம் நமக்குப் புரியாமலே இருப்பது எனக்கு வருத்தமாக இருந்தது, அதனால்தான் விடாமல் கேட்டு வாங்கினேன். மொத்தம் நான்கு படங்கள். கூட்டம் முதல் படத்துக்குக் குறைவு, அப்புறம் நாற்காலி பற்றவில்லை.

அதிகம் பேச வைத்தது ‘ஹூப் ட்ரீம்ஸ்’. ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கி 1994-இல் வந்த ஆவணப்படம். தொலைக்காட்சிக்கு அரை மணி நேரப் படம் என்றுதான் ஆரம்பித்தார்கள். அது வருடக்கணக்கில் நீண்டு, சுமார் 250 மணி நேரம் படம்பிடித்து, கடைசியில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நின்றது. வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜி என்று இரண்டு கறுப்பினப் பையன்கள். கூடைப்பந்துக்காக இருவரையும் வெஸ்ட்செஸ்டரில் இருந்த செயின்ட் ஜோசப் பள்ளி சேர்த்துக்கொள்கிறது. நமக்குப் பக்கத்து ஊர்தான். நகருக்குள்ளிருந்து அந்தப் பையன்களுக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வில்லியமின் படிப்புக்குப் பணம் கொடுக்க ஆள் கிடைக்கிறது. ஆர்தர் வீட்டில் கட்டணப் பாக்கி சேர்ந்து, நடு வருடத்தில் அவன் வெளியே வந்து மார்ஷல் பள்ளியில் சேருகிறான். அந்த மார்ஷல் அணிதான் 1991-இல் மாநில அளவில் மூன்றாவதாக வந்தது, அதுவும் ஆர்தர் ஆடி.

அன்றைக்கு ஒரு தவறு நடந்தது, பொறுப்பு என்னுடையது. அரங்கம் ஒன்பது மணிக்கு மூடப்படும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் தாமதமாகத் தொடங்கினேன். ஏஜி வீட்டில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டதால் குடும்பம் இருட்டில் இருக்கிற கட்டத்துக்குப் பக்கத்தில் படத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு வாரம் பொறுத்திருந்து மிச்சத்தைப் பார்த்தோம். அந்த ஒரு வாரமும் குழுவில் எல்லோரும் கேட்டது ஆட்டத்தைப் பற்றி இல்லை, அந்த வீட்டில் விளக்கு எரிந்ததா என்றுதான். இரண்டாம் வாரம் ஆர்தரின் அம்மா உதவிச் செவிலியர் படிப்பை முடிக்கிற காட்சி வந்தது. வகுப்பிலேயே தான்தான் முதல் மதிப்பெண் என்று தெரிந்ததும் அவர் அழுகிற இடத்தில் நம் அரங்கில் ஒரு சத்தமில்லை. பந்து ஒன்றுகூட இல்லாத காட்சி அது. இந்த வருடம் பார்த்த எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய வெற்றி அதுதான். சிறந்த ஆவணப்படப் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரைகூட இதற்குக் கொடுக்கவில்லை, படத்தொகுப்புக்கு மட்டும் பரிந்துரைத்தார்கள். அதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

மார்ச்சில் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மேன் காலமானதும் ‘வென் வீ வேர் கிங்ஸ்’ போட்டோம். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் முகமது அலி அவரை எட்டாவது சுற்றில் வீழ்த்திய சண்டை. படம்பிடித்தவர் லியோன் காஸ்ட். பணமும் வழக்கும் இழுத்ததால் படம் 1996-இல்தான் வெளிவந்தது. அதற்கு ஆஸ்கர் கிடைத்த இரவில் அலியும் ஃபோர்மேனும் மேடை ஏறினார்கள். நடுக்குவாதத்தால் தளர்ந்திருந்த அலியைப் படியேற்றிவிட்டவர், அவரிடம் தோற்ற ஃபோர்மேன். இதைச் சொன்னதும் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

கொலை வழக்கில் சிக்கிய அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனைப் பற்றிய ‘ஓ.ஜே.: மேட் இன் அமெரிக்கா’ 467 நிமிடம், மூன்று ஞாயிறு எடுத்தது. கனமான படம், சிறுவர்களை அழைக்கவில்லை.

‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ (1992) கதைப்படம்தான், ஆனால் அந்தப் பெண்கள் பேஸ்பால் லீக் 1943 முதல் 1954 வரை உண்மையில் நடந்தது. அதில் ஒரு சின்னக் காட்சி: உருண்டு வந்த பந்தை ஓரமாக நிற்கும் ஒரு கறுப்பினப் பெண் எடுத்து, கூப்பிட்டவரைத் தாண்டி வெகுதூரம் வீசிவிட்டுத் தலையசைத்து நடந்துபோவார். அவரைப் போன்றவர்களுக்கு அந்த லீகில் இடமில்லை. ஏன் அவங்களைச் சேர்த்துக்கலை என்று ஒரு எட்டு வயதுப் பெண் கேட்டாள், அதற்குப் பதில் சொல்லவே அரை மணி நேரம் போனது. பிறகு இரண்டு வண்டியில் ராக்ஃபோர்டுக்குப் போய், படத்தில் வரும் பீச்சஸ் அணி ஆடிய பேயர் மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். பழைய நுழைவாயில் இன்னும் நிற்கிறது. பிள்ளைகள் தளத்துக்குத் தளம் ஓடினார்கள், கூட வந்த அம்மாக்களும் ஓடினார்கள்.

கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். அடுத்த வருடம் அதே ராக்ஃபோர்டுப் பையன்களைப் பற்றிய ‘மைண்டிங் த கேப்’ படத்தோடு தொடங்குகிறோம். சறுக்குப்பலகை ஓட்டுகிறவர்கள், எடுத்தவர் பிங் லியூ. வீட்டுக்குள் நடக்கும் அடி உதை பற்றியும் பேசுகிற படம், அதனால் பெரிய பிள்ளைகளை மட்டும் அழைத்து வாருங்கள். அரங்கத்தைப் பத்து மணி வரை கேட்டு வாங்கியிருக்கிறேன், ஆறரைக்கெல்லாம் வந்துவிடுங்கள்.

செயலாளர்