அப்பத்தா தட்டைத் திருப்பிப் பார்

அன்புள்ள அம்மாவுக்கு,

தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "சாப்பிட்டியா, தலைக்குக் குல்லா போட்டியா" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது, நானும் ஆபீஸ் அவசரத்தில் வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதி தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன், அவன் பிரிண்ட் எடுத்துத் தருவான். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

விஷயம் பரண். தை பிறந்ததும் அடுப்படியை இடித்து மாடுலர் கிச்சன் போடப் போவதாகவும், பரணில் கிடக்கிற பழசையெல்லாம் எடைக்குப் போடப் போவதாகவும் தம்பி சொன்னான். போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பரணே தெரியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, அங்கே தூசி துடைக்கிற உனக்கு உத்தரவு போட எனக்கு என்ன இருக்கிறது. ஆனால் போடுவதற்கு முன்னால், நான் இங்கே பொறுக்கி வைத்திருக்கும் சாமான்களின் கதையைக் கேட்டுவிடு.

இந்தக் கார்ல்ஸ்க்ரோனா கடலுக்குள் தீவுகளில் கட்டிய ஊர். 1680-இல் ஸ்வீடன் ராஜா கடற்படைக்காகவே உண்டாக்கினாராம், இன்றைக்கும் கடற்படை இங்கேதான் இருக்கிறது. மார்கழியில் காலை எட்டரைக்குத்தான் விடிகிறது, மூன்றரைக்கு இருட்டிவிடுகிறது. சனிக்கிழமை ஆனால் எங்கே போவது? கோயில் இல்லை, கடைத்தெருவில் சும்மா நின்று பேச ஆள் இல்லை. அப்படித்தான் பழைய சாமான் கடைக்குப் போகிற பழக்கம் வந்தது. லொப்பிஸ் என்பார்கள். லொப்பா என்றால் தெள்ளுப்பூச்சி, தெள்ளுப்பூச்சிச் சந்தை என்று அர்த்தம், பெயரே எப்படி வைத்திருக்கிறார்கள் பார்! வெயில் காலத்தில் அவரவர் வீட்டு வாசலிலேயே மேசை போட்டு விற்பார்கள், குளிர் வந்துவிட்டால் சர்ச்சுக்காரர்களும் தர்ம ஸ்தாபனங்களும் நடத்துகிற பெரிய ஷெட்டு மாதிரியான கடைகள்தான். ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து விற்கிறார்கள். காசை யாரும் கையில் தொடுவதில்லை, எல்லாம் போனில்தான்.

இந்தச் சாமான்கள் எங்கிருந்து வருகின்றன என்று முதல்முறை நீ கேட்டபோது மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன், திட்டாதே. பாதி, செத்தவர்கள் வீட்டிலிருந்து வருவது. பிள்ளைகள் காரில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். இன்னொரு பழக்கமும் இருக்கிறது, வயசானவர்கள் தாங்கள் போன பிறகு பிள்ளைகளுக்குச் சிரமம் வேண்டாம் என்று உயிரோடு இருக்கும்போதே வீட்டை ஒழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு "சாவுக்கு முந்தின சுத்தம்" என்கிற அர்த்தத்தில் தனியாக ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். "யார் வீட்டு எச்சில் பாத்திரமோ" என்று நீ முகம் சுளிப்பது இங்கே தெரிகிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஒரு கரண்டி வாங்கி வந்து மூன்று தடவை மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்தேன். அப்புறம் பழகிவிட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். போன நவம்பரில் ஒரு கடையில், துருப்பிடித்த வாணலிகளுக்கு அடியில் ஏழு குழி தெரிந்தது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. அம்மா, பணியாரக்கல்! கையில் தூக்கினால் அதே கனம். அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கல்லாவில் இருந்த பாட்டி பயந்துபோய் ஓடிவந்து, எனக்கு அது என்னவென்று தெரியவில்லை போல என்று நினைத்து விளக்க ஆரம்பித்துவிட்டார். இது முங்க் சுடுகிற சட்டியாம். மைதா, முட்டை, பால் கரைத்து ஊற்றி, உள்ளே ஆப்பிள் துண்டு வைத்து, பின்னல் ஊசியால் திருப்பிப் போட்டு எடுத்துச் சர்க்கரையில் புரட்டுவார்களாம். முங்க் என்றால் சாமியார் என்றும் அர்த்தம், ஏன் அந்தப் பெயர் என்று அவருக்கும் தெரியவில்லை. ஊசியால் திருப்புவது என்று அவர் கையை அசைத்துக் காட்டினார் பார், அப்படியே அப்பத்தா கை. நான் பதிலுக்கு எங்கள் ஊரில் அரிசி மாவில் சுடுவோம், வெங்காயமும் மிளகாயும் தாளித்துப் போடுவோம் என்றேன். மிளகாயா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். 60 குரோனா, நம் பணத்துக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய். அடியில் ஷெப்ஸுல்ட் என்று எழுத்து வார்த்திருந்தது. அது ஸ்மோலண்ட் மாகாணத்தில் ஒரு கிராமம், 1906-லிருந்து இன்றுவரை அங்கே இரும்பு வார்க்கிறார்கள்.

அதைப் பழக்கிய கதைதான் உனக்குத் தெரியுமே, நீதானே போனில் உட்கார்ந்து சொன்னாய். புளி போட்டுத் துரு தேய்த்தது, மூன்று நாள் சோற்றுக்கஞ்சி ஊற்றி வைத்தது, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்தது, வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் குழி குழியாகத் தேய்த்தது. அந்த வெங்காய வாசனையில் மாடிவீட்டுக்காரர் கதவைத் தட்டி எதுவும் தீய்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். இட்லி அரிசி மூன்று மணி நேரம் ரயிலில் போய் மால்மோவிலிருந்து வாங்கி வந்தது. மாவு இந்தக் குளிரில் இரண்டு நாளானாலும் பொங்குவேனா என்று அடம் பிடித்தது, கடைசியில் ஹீட்டர் பக்கத்தில் துண்டைச் சுற்றிக் குழந்தை மாதிரி படுக்கவைத்தேன். இந்த வீட்டில் அடுப்பு கரண்டு அடுப்பு, வட்டமான இரும்புத் தட்டு. நடுக்குழி கருகும்போது சுற்றி இருக்கிற ஆறும் வெள்ளையாகவே இருக்கும். முதல் ஈடு மொத்தமும் ஒட்டிக்கொண்டு கரண்டியால் சுரண்டித்தான் எடுத்தேன். மூன்றாவது ஈட்டில் ஒன்று, ஒன்றே ஒன்று, தானாகச் சுழன்று திரும்பியது.

அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது. ஏன் என்று அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. அப்பத்தாவுடைய கல் என்ன ஆனது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முதல் சம்பளம் வாங்கி, சென்னையிலிருந்து நான்ஸ்டிக் பணியாரச்சட்டி ஒன்றை மூடியோடு தூக்கிக்கொண்டு வந்தேனே, வந்த கையோடு அந்தப் பழைய கல்லைக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் வைத்தது நான்தான். எடைக்குப் போட்டது நீ என்று வீட்டில் எல்லோரும் உன்னைச் சொல்வார்கள், நீயும் மறுத்ததில்லை. இரும்புக்காரர் வந்தபோது எடுத்துக் கொடுத்தது நான். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தது. "கனமா இருக்குல்ல, போகட்டும்" என்று மட்டும் சொன்னது. அந்த நான்ஸ்டிக் இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை, பூச்சு உரிந்துவிட்டது.

அப்புறம் எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது. ஒவ்வொரு சனியும் போனேன். தட்டையான ஏழு வட்டம் போட்ட ஒரு கல் வாங்கினேன், அது இவர்கள் குட்டிக் குட்டியாகப் பான்கேக் சுடுவதாம், நான் ஊத்தப்பம் ஊற்றுகிறேன், நன்றாகத்தான் வருகிறது. நம் ஊர்ப் பித்தளைச் சொம்பு ஒன்று காய்ந்த பூவோடு உட்கார்ந்திருந்தது, விலை கேட்டுத் திரும்பிவிட்டேன், கொள்ளை.

ஆனால் அச்சைச் சொல்ல வேண்டும். நீளக் கம்பி, நுனியில் இரும்புப் பூ. எதிர்வீட்டு டீச்சர் கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு சுட்டு, எவர்சில்வர் தூக்கில் கொடுத்துவிடுவார்களே, அதே பூ. இங்கேயும் கிறிஸ்துமஸுக்குத்தான் சுடுகிறார்கள், ஸ்த்ரூவொர் என்று பெயர், மேலே பொடிச் சர்க்கரை தூவுவார்கள். அச்சை முதலில் எண்ணெயில் சூடேற்ற வேண்டும், மாவில் முக்கும்போது விளிம்பைத் தாண்டி மேலே ஏறிவிட்டால் கழன்று வராது. டீச்சர் சொன்ன அதே இரண்டு விதியை இங்கே ஆபீஸில் கூட வேலை செய்கிற ஒருத்தி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், நான் தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டேன். நான் தேங்காய்ப்பாலும் எள்ளும் போட்டுச் சுட்டுக் கொண்டுபோனேன். அவள் எள்ளைத்தான் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தாள். ஏலக்காய் போட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள், இந்த ஊரில் பன் எல்லாம் ஏலக்காய் வாசனைதான். நம் பக்கத்து மலைச்சரக்குக்கு எங்கே போய் இவ்வளவு மவுசு பார்.

இப்போதுதான் நான் எழுத வந்த விஷயம். போன வாரம் ஒரு தட்டு வாங்கினேன், 40 குரோனா. எனாமல் தட்டு, வெண்ணெய் நிறம், விளிம்பில் பச்சைக்கோடு. விளிம்பில் ஓரிடத்தில் பூச்சு தெறித்து உள்ளே இரும்பு கறுப்பாகத் தெரிகிறது. அப்பத்தாவின் மங்குத் தட்டு கண் முன்னால் வந்துவிட்டது. அது பழையசோறு சாப்பிடுமே, வேறு யாரையும் தொடவிடாதே, அந்தத் தட்டு. "பித்தளையில புளிப்பு ஊத்துனா களிம்பு ஏறும், மங்குல ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும். உண்மைதான், எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியை உருக்கி ஏற்றியதுதானே, மோர் அதை என்ன செய்யும். கீழே போட்டால்தான் போச்சு.

வீட்டுக்கு வந்து தட்டைக் கவிழ்த்துக் கழுவும்போது அடியில் முத்திரை தெரிந்தது. கொக்கும்ஸ், ஸ்வீடன் என்று. விசாரித்தால், இந்தத் தட்டு செய்த ரொன்னெபி இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான், நான் பல தடவை தாண்டிப் போயிருக்கிறேன். அதே கொக்கும்ஸ் பெயரில்தான் எங்கள் ஊரில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிறார்கள், ஆபீஸ் போகிற வழியில் அந்தக் கப்பல் கட்டும் துறையின் மதிலைத் தினமும் பார்க்கிறேன். பிறகுதான் நம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு ஞாபகம் வந்தது. அங்கே பழைய சாமான் கடைகளில் எனாமல் அடுக்கும் தட்டும் மலையாகக் குவிந்திருக்குமே, வெளிநாட்டுக்காரர்கள் வந்து பேரம் பேசுவார்களே. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போன செட்டியார்கள் பெண்ணுக்குச் சீர் கொடுக்க வாங்கிக் குவித்தது. அதில் ஸ்வீடன் சாமானும் உண்டு என்று கடைக்காரர்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன், அப்போது ஸ்வீடன் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அப்பத்தா ஆச்சி வீட்டுக்குப் பலகாரம் சுடப் போன காலத்தில், ஏதோ கல்யாணம் முடிந்து ஆச்சி கொடுத்த தட்டு அது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அப்படியானால் அது எங்கே செய்ததாக இருக்கும்?

அதனால் அம்மா, பரணில் மேற்கு மூலையில், பெரிய அண்டாவுக்குள்ளே, அப்பத்தாவின் புடவைத் துண்டில் சுற்றி அந்தத் தட்டு இருக்க வேண்டும். நான் கிளம்பும்போது அங்கேதான் வைத்தேன். எடுத்ததும் கவிழ்த்துப் பார். சாம்பல் போட்டுத் தேய்த்துவிடாதே, முத்திரை அழிந்துவிடும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். தம்பியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வேறு ஊர்த் தட்டாக இருந்தாலும் பரவாயில்லை, எடைக்கு மட்டும் போடாதே. ஆடிக்கு நான் வரும்போது எடுத்துக்கொள்கிறேன். அண்டாவை வேண்டுமானால் கொடுத்துவிடு, அதை வைக்க மாடுலர் கிச்சனில் இடம் கிடைக்காது.

நீ ஏணியில் ஏறாதே. உன் முட்டிக்கு ஆகாது. தம்பி ஏறட்டும், அப்பா கீழே பிடித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உன் பெரியவள்