பொன்வாயரைப் பேச விடுங்கள்: மறைக்கல்விப் பாடம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

இயேசுவுக்கே புகழ்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து மறைக்கல்வி எடுக்கிறவர்களில் நானும் ஒருவன். போன செப்டம்பர் 13, புனித யோவான் கிறிசோஸ்தோம் திருநாளை ஒட்டிக் கையில் இருந்த பாடத்தை வாசித்தேன். மொத்தமே நான்கு வரி. அந்தியோக்கியாவில் பிறந்தார், கான்ஸ்டாண்டிநோபிளுக்கு ஆயரானார், சொல்வன்மையால் 'பொன்வாய்' என்று பெயர் பெற்றார், நாடுகடத்தப்பட்டு இறந்தார். முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "தங்கப் பல் கட்டியிருந்தாரா சார்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவன் மேல் என்ன தப்பு? அந்த வாய் என்ன பேசியது என்று பாடத்தில் ஒரு வார்த்தைகூட இல்லையே!

இத்தனைக்கும் அவர் பேசியது கொஞ்சநஞ்சமல்ல. மத்தேயு நற்செய்திக்கு மட்டும் 90 மறையுரைகள், யோவான் நற்செய்திக்கு 88. சுருக்கெழுத்தர்கள் எழுதி வைத்ததால் 1600 வருடம் கழித்தும் கோவிலுக்குள் நடந்த சின்னச் சின்னச் சங்கதிகள்கூட நமக்குக் கிடைக்கின்றன. ஒரு மாலை அவர் தொடக்க நூலை விளக்கிக்கொண்டிருக்கிறார். விளக்கேற்றுகிறவன் உள்ளே வர, எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்புகிறது. நான் இங்கே வேதத்தின் விளக்கை ஏற்றிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் அவன் விளக்கைப் பார்க்கிறீர்களா என்று பிரசங்கத்தை நிறுத்தித் திட்டுகிறார். இன்னொரு நாள், கூட்ட நெரிசலில் முடிச்சவிழ்ப்பவர்கள் புகுந்துவிட்டார்கள், பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்கிறார். கைதட்டாதீர்கள் என்று கண்டித்தாலோ, அதற்கும் கைதட்டுகிறார்கள். நம் மேடைப் பேச்சுக் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம்.

அப்புறம், மத்தேயு மறையுரைகளில் ஐம்பதாவது. கிறிஸ்துவின் உடலை மதிக்க ஆசையா? அப்படியானால் அவர் ஏழையின் உருவில் துணியில்லாமல் நிற்கும்போது கண்டும் காணாமல் போகாதே. உள்ளே பட்டு போர்த்திவிட்டு வெளியே குளிரில் சாக விடாதே. பலிபீடத்தில் பொற்கிண்ணம் நிறைந்திருக்க அவர் பசியால் செத்தால் என்ன பயன்? சாரம் இதுதான். பட்டும் பொன்னும் உடுத்திக்கொண்டு வந்தவர்களின் முகத்துக்கு நேரே சொன்னது. இதில் இரண்டே வரியைப் பாடத்தில் போட்டிருந்தால் தங்கப் பல் கேள்விக்கு நான் விடை தேடியிருக்க வேண்டாம்.

அவர் பிள்ளைப் பருவத்தை நீட்ட வேண்டியதில்லை. தகப்பன் சீக்கிரமே போய்விட்டார். இருபது வயதில் கைம்பெண்ணான தாய் அந்தூசா மறுமணம் செய்யாமல் வளர்த்தார். வாலிபத்தில் மலைக்குகையில் தவமிருந்து வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். இவ்வளவு போதும். ஆனால் 387-க்குத் தயவுசெய்து ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். புதிய வரியைக் கேட்டுக் கொதித்த அந்தியோக்கியா மக்கள் பேரரசர் தெயோதோசியு, அவர் குடும்பத்தாரின் சிலைகளை உடைத்துத் தள்ளிவிட்டார்கள். ஊரையே அழித்துவிடுவார்களோ என்று நடுக்கம். கிழவரான ஆயர் பிளாவியான் மன்னிப்புக் கேட்கத் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் புறப்பட்டுப் போகிறார். இங்கே குருவாகி ஓராண்டே ஆன யோவான் தவக்காலம் முழுக்கப் பிரசங்கம் செய்து ஊரைத் தாங்கிப் பிடிக்கிறார். உயிருக்கே ஆபத்தான அந்த நேரத்திலும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று: தொட்டதற்கெல்லாம் சத்தியம் பண்ணுவதை விடுங்கள்! கடைசியில் பேரரசர் மன்னித்தார். சத்தியம் பண்ணும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போயிருக்குமா என்பது என் சந்தேகம்.

398-இல் கான்ஸ்டாண்டிநோபிளின் ஆயரானதும் விருந்துகளை நிறுத்தி, மாளிகைச் செலவை வெட்டி, மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார். சாமர்த்தியம் கிடையாது, தனியாகச் சாப்பிடுவார், எவரையும் முகஸ்துதி செய்யமாட்டார். அரசி யூதோக்சியாவும் அலெக்சாந்திரியா ஆயர் தெயோபிலும் அவரை வீழ்த்த இதுவும் வழி செய்தது. 403-இல் பதவி பறிப்பு, உடனே திரும்ப அழைப்பு, 404-இல் மறுபடி நாடுகடத்தல். நாடுகடத்தப்பட்ட இடத்திலிருந்து, பெண் திருத்தொண்டர் ஒலிம்பியாவுக்கு எழுதிய 17 கடிதங்கள் இருக்கின்றன. குளிர், வாந்தி, தலைவலி, கணப்புப் புகை எல்லாம் அவற்றில் உண்டு. அவருடைய மனச்சோர்வைப் போக்க இவர் படும் பாடும் உண்டு. 'நாடுகடத்தப்பட்டு இறந்தார்' என்ற உங்கள் இரண்டு சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கிக் கிடக்கிறது. 407 செப்டம்பர் 14 அன்று, கருங்கடல் கரைக்கு இழுத்துச் செல்லும் வழியில், கொமானாவில் இறந்தார்.

இனி, நீங்கள் முகம் சுளிக்கக்கூடிய ஒன்று. இதே வாய்தான் 386-87இல் யூதர்களுக்கு எதிராக எட்டு மறையுரைகளையும் பேசியது. கிறிஸ்தவர்களில் சிலர் யூதப் பண்டிகைகளுக்கும் தொழுகைக்கூடத்துக்கும் போய்வந்ததைத் தடுக்கப் பேசியவை. ஆனால் அதில் உள்ள வசைகளை எந்த வகுப்பிலும் வாசித்துக் காட்ட முடியாது. பிற்காலத்தில் நாஜிகள் அவற்றை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தக் காலத்து மேடை வழக்கம் அப்படி என்று சமாதானம் சொல்வோர் உண்டு. எனக்கு அது போதவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூத வெறுப்பை வெளிப்படையாகக் கண்டித்தது. சின்ன வகுப்புகளுக்கு வேண்டாம், சரி. உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். நாம் மறைத்தால் அவர்கள் போனில் தேடிப் படித்துவிட்டு வந்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அப்போது நிற்கப்போவது நீங்கள் அல்ல, நான்.

தவறை ஒப்புக்கொள்வதற்கு அவர் கதையிலேயே ஒரு காட்சி இருக்கிறது. 438-இல் அவர் உடலின் எச்சங்களைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொண்டுவந்தபோது, யூதோக்சியாவின் மகன் இரண்டாம் தெயோதோசியு பேழையின் மீது குனிந்து, தாய் தந்தை செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டார். பாடத்தை இந்த இடத்தில் முடிக்கலாம் என்பது என் யோசனை.

அடுத்த பதிப்பில் நான்கு வரியை நான்கு பக்கமாக்க இடம் கிடைக்குமா? எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதி, தட்டச்சும் செய்து அனுப்புகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள். விளக்கேற்றுகிறவனை மட்டும் விட்டுவையுங்கள்.

அன்புடன்,
ஒரு மறைக்கல்வி ஆசிரியர்