முடக்குவதற்கு முன் ஒரு மெயில் போடக் கூடாதா?

மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும் தொலைத்தொடர்புத் துறைக்கும்,

வணக்கம். 2022-ல் வீடியோலேன் தளம் இந்தியாவில் பல மாதங்கள் திறக்கவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? எந்த வீடியோவைக் கொடுத்தாலும் ஓட்டுமே, ஆரஞ்சு கோன் படம் போட்ட வி.எல்.சி., அதன் சொந்தத் தளம்தான் அது. காரணம் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டவர்களுக்கு, எங்களிடம் அப்படி எந்தத் தகவலும் இல்லை என்று அமைச்சகம் பதில் எழுதியது. அப்புறம் யார்தான் முடக்கினார்கள்? அக்டோபரில் வீடியோலேன் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது, நவம்பரில் தளம் திறந்தது.

இத்தனைக்கும் அந்த மாதங்களில் பிளே ஸ்டோரில் வி.எல்.சி. தாராளமாகக் கிடைத்தது. மாட்டிக்கொண்டவர்கள் கம்ப்யூட்டரில் போட நினைத்தவர்கள்தான். அசல் தளம் திறக்காதபோது கூகுளில் அடுத்து வருகிற ஏதோ ஒரு தளத்துக்குப் போவார்கள், அங்கே நாலு பச்சை நிற டவுன்லோட் பட்டன் இருக்கும், எது நிஜம் என்று தெரியாமல் ஒன்றை அழுத்தினால் வி.எல்.சி.யோடு விளம்பர மென்பொருளும் சேர்ந்தே இறங்கும். தளங்களை முடக்குவதே நாட்டின் பாதுகாப்புக்காக என்றுதான் சொல்கிறீர்கள்.

இது முதல் தடவையும் இல்லை. 2014 டிசம்பரில் ஐ.எஸ். பிரசாரத்தைத் தடுக்கிறோம் என்று 32 முகவரிகளை முடக்கச் சொன்னீர்கள். அந்தப் பட்டியலில், நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைப் போட்டுவைக்கிற கிட்ஹப்பின் ஜிஸ்ட் பகுதி, திறமூல மென்பொருள்கள் கிடைக்கிற சோர்ஸ்ஃபோர்ஜ், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ் எல்லாம் இருந்தன. (திறமூலம் என்றால், யார் வேண்டுமானாலும் நிரலைப் படித்து மாற்றிக்கொள்ளலாம்.) சிக்கல் எங்கே என்றால், எச்.டி.டி.பி.எஸ். என்கிற பூட்டுப் போட்ட பாதுகாப்பான இணைப்பில் ஒருவர் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார் என்று இணைய நிறுவனத்துக்குத் தெரியாது, தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும். ஒரு பக்கத்தை மறைக்கச் சொன்னால் மொத்தத் தளத்தையும்தான் அவர்களால் மூட முடியும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை.

2023 தொடக்கத்தில் கிட்ஹப்பின் கோப்புகளை நேரடியாக எடுத்துத் தருகிற கிட்ஹப்யூசர்கன்டென்ட் முகவரி சில இணைப்புகளில் வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டரில் மற்ற மென்பொருள்களை நிறுவ உதவுகிற ஹோம்புரூவை நிறுவும் ஸ்கிரிப்ட்டே அங்கிருந்துதான் வருகிறது. கட்டளை தட்டுகிற டெர்மினல் திரையில் அதை நிறுவும் கட்டளையைக் கொடுத்தால் இணைப்பு அறுந்தது என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான், தடை என்று எங்கும் சொல்லாது. புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளை தன் லேப்டாப்பில்தான் கோளாறு என்று நினைத்து ராத்திரி முழுக்க ஃபயர்வாலை நோண்டிக்கொண்டிருக்கும்.

அரசு அலுவலகங்களில் திறமூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று 2015-ல் கொள்கை வெளியிட்டதும் நீங்கள்தான். பாஸ் லினக்ஸ் என்கிற திறமூல இயங்குதளத்தைச் சென்னையில் அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியதும் அரசுப் பணத்தில்தான்.

சட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. இணையத் தளங்களை முடக்குவது பற்றிய 2009 விதிகளின் 8-வது விதியே போதும்: உரியவரைக் கண்டுபிடித்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பதில் சொல்ல 48 மணி நேரமாவது தர வேண்டும். இப்படித் திறமூல மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒளிந்துகொண்டு வேலை செய்கிறவர்கள் இல்லை, மின்னஞ்சல் முகவரி தளத்திலேயே இருக்கிறது. கிட்ஹப்போ அரசுகள் அனுப்பும் நீக்கக் கோரிக்கைகளைப் பொதுவில் வெளியிட்டே வைக்கிறது. சரி, அவசரம் என்று முடக்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், ஆணையைத் தளத்துக்காரருக்கு அனுப்புங்கள், பயன்படுத்துகிற எங்களுக்கும் காட்டுங்கள், முறையிட ஒரு முகவரி கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் வக்கீலைத் தேடி ஓட எங்களால் முடியாது.