மண்ணைத் தொட விட்டவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. காலை ஏழரைக்கெல்லாம் கடற்கரை மணல் பாதத்தைச் சுடுகிறது. சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு இனி வெளியில் இருக்க முடியாது என்பதால், தை மாதம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை இந்த வாரத்தோடு நிறுத்தி வைக்கிறோம். உதவியவர்களிடம் நேரில் நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் ஊரறியச் சொல்ல வேண்டும் என்று பெற்றோர் நாங்கள் எல்லோருமே நினைத்தோம். அதற்காகத்தான் இந்த மடல்.

எங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள குழந்தைகள், கூடவே வீட்டுப் பெரியவர் ஒருவர். திருவான்மியூர், பெசன்ட் நகர், அடையாறு பக்கத்துக் குடும்பங்கள். காலை ஆறரைக்குப் பூங்காவிலோ கடற்கரையிலோ கூடுவோம். பொம்மை கிடையாது, பாடம் கிடையாது, கட்டணமும் கிடையாது. மண், தண்ணீர், குச்சி, இலை, விதை. குழந்தை எதைக் கையில் எடுக்கிறதோ அதுதான் அன்றைக்கு விளையாட்டு. பெரியவர்களுக்கு இருப்பது ஒரே வேலை: கண் பார்க்கும் தூரத்தில், ஆனால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். "தொடாதே, அழுக்கு, விழுந்துடுவே" என்ற மூன்று வார்த்தைகளை இரண்டு மணி நேரம் அடக்கி வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

முதல் நன்றி பூங்கா ஊழியர்களுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பூங்காவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. கிளைகளை அறுத்து லாரியில் ஏற்றினார்கள். அடிமரத்தையும் துண்டு போட்டு எடுக்க வந்த அன்று, அதை மட்டும் குழந்தைகளுக்காக விட்டுவிட முடியுமா என்று கேட்டோம். மேற்பார்வையாளர் ஐயா மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஆணி, கூர்மையான சிம்பு எதுவும் இல்லாமல் அரத்தால் தேய்க்கச் சொன்னார். உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் மண் அணைக்கச் சொன்னார். அப்புறம், "கிடக்கட்டும்மா, புள்ளைங்க ஏறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லால் எங்களுக்குக் கிடைத்ததைச் சொல்லி மாளாது. ஏறுவது, குதிப்பது எல்லாம் ஒரு பக்கம். மரம் மக்க மக்க அது வேறொரு உலகமாகிவிட்டது. பட்டை கழன்ற இடத்தில் கரையான் கட்டிய மண்கோடு. மழை விட்ட மறுநாள் வெள்ளைக் காளான். நிழல் பக்கம் ஈரத்தில் மரவட்டை, அதாவது குழந்தைகளின் ரயில் பூச்சி. மூன்று வயதுப் பாப்பா ஒருத்தி அதைச் சுண்டுவிரலால் தொட்டாள். சுருண்டுகொண்டது. கன்னத்தை மரத்தில் வைத்துக்கொண்டு அது பிரியும்வரை காத்திருந்தாள். முதலில் மீசை வெளியே வந்தது, அப்புறம் ஒரு வரிசைக் கால்கள், அப்புறம் உடம்பு நீண்டு நடக்கத் தொடங்கியது. மறுபடி தொட்டாள். மறுபடி காத்திருந்தாள். பக்கத்தில் நின்ற அவள் அப்பா "போலாமா" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்காத பிள்ளை என்று எங்களிடம் சொன்னவரும் அவர்தான்.

வாசலில் இருக்கும் காவலர் தாத்தாவுக்கும் நன்றி. கொன்றை மரத்தடியில் சருகைக் கூட்டிக் குவிக்கும் அக்காக்களுக்கும். அவர்கள் அந்தக் குவியலை ஞாயிறு எட்டரை மணி வரை அள்ளாமல் வைத்திருந்தார்கள். அதில் விழுந்து புரண்டு, எல்லாவற்றையும் பழையபடி இறைத்துவிட்டு வருவார்கள் பிள்ளைகள். மறுபடி கூட்டும் வேலையில் பெற்றோரும் சேர்ந்துகொண்டோம்தான். ஆனாலும் ஒரு வாரம்கூட முகம் சுளிக்காமல் இருந்தது அவர்களின் பெரிய மனசு.

அடுத்து, குப்பத்து அங்கன்வாடி டீச்சருக்கும் ஆயா அம்மாவுக்கும். ஞாயிறு அவர்களுக்கும் விடுமுறை நாள்தான். அன்றைக்கும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு, பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர்கள் வந்த பிறகுதான் இது உண்மையில் அக்கம்பக்கத்து விளையாட்டு ஆனது. அதற்கு முன் ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்த ஒரே மாதிரிக் குழந்தைகள்தான் இருந்தார்கள். குப்பத்துப் பிள்ளைகளுக்கு மணலில் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. நண்டு வளைக்குள் காய்ந்த மணலைக் கைப்பிடி போட்டு, அந்த வெள்ளைத் தடத்தைப் பார்த்தே வளை எந்தப் பக்கம் வளைகிறது என்று தோண்டிக் கண்டுபிடிப்பதை ஐந்து வயதுப் பையன் ஒருவன் எங்கள் எல்லோருக்கும் காட்டினான். ஐடி கம்பெனி அப்பாக்கள் மண்டியிட்டு அவனிடம் பாடம் கேட்டார்கள். டீச்சர் கொண்டுவந்த சத்துமாவு உருண்டையையும் இங்கே சொல்ல வேண்டும். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் வீட்டுப் பிள்ளைகள் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து இரண்டாவது உருண்டை கேட்டார்கள்.

மாண்டிசோரி பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரும் எங்களோடு இருந்தார். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறு தியாசபிகல் சொசைட்டிக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்ததையும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு செடிகொடிகளைப் பார்த்துப் பார்த்துப் பாடம் அமைத்ததையும் அவர் சொல்லித்தான் எங்களில் பலருக்குத் தெரியும். அடையாறில் நடந்தது நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்த விஷயம். அவர் எங்களுக்குச் சொன்ன ஒரே விதி: குழந்தை ஒரு வேலையில் மூழ்கியிருக்கும்போது பாராட்டக்கூடச் செய்யாதீர்கள். "சூப்பர்டா செல்லம்" என்று நாம் கத்தியதும் அது வேலையை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும் என்பார். உண்மைதான், கண்ணால் பார்த்தோம்.

தாத்தா பாட்டிகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது. குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு பெஞ்சில் உட்காரத்தான் முதலில் வந்தார்கள். நாகப்பட்டினத்துப் பாட்டி ஒருவர் ஒருநாள் எழுந்து போய், பூவரசு இலை ஒன்றைப் பறித்து, காம்பைக் கிள்ளி, ஓரத்திலிருந்து இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை விரலால் லேசாக அமுக்கி வாயில் வைத்து ஊதினார். பீப்பீ சத்தம் கேட்டதும் பூங்காவின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள்கூட நின்றார்கள். பாதிப் பிள்ளைகளுக்குக் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. "இன்னும் இறுக்கிச் சுத்துடா கண்ணு" என்று ஒவ்வொருவருக்கும் புது இலை சுற்றிக் கொடுத்தார். அடுத்த வாரமே கோவில்பட்டித் தாத்தா பனை ஓலைக் காத்தாடியோடு வந்தார். அப்புறம் மணலில் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம், மஞ்சாடி விதையை வைத்து மண்ணிலேயே குழி பறித்துப் பல்லாங்குழி என்று நடந்ததெல்லாம் அவர்கள் ஆட்சிதான். பாட்டி, தாத்தா, உங்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கம். உங்கள் பிள்ளைகளான எங்களுக்கே இதெல்லாம் பாதி மறந்துபோயிருந்தது.

கடற்கரை வாரங்களுக்கு ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவ அண்ணன்மார்கள்தான் பாதுகாப்பு. நம் கடல் அமைதியாகத் தெரியும்போதும் காலை இழுக்கும். நீரோட்டத்தின் திசையைப் பார்த்து வன்னி, தெண்டி என்று அவர்கள் பேர் சொல்லி, இன்றைக்கு எதுவரை வரலாம் என்று மணலில் கோடு கிழித்துக் காட்டுவார்கள். அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பிள்ளைகளும் பார்த்தார்கள். மறைத்துக் கூட்டிப்போகலாம் என்று சிலர் நினைத்தோம். "ஏன் எந்திரிக்க மாட்டேங்குது?" என்று நாலு வயதுக் குழந்தை கேட்டபோது, பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன், "வலையில மாட்டிக்கிச்சு பாப்பா. அது மூச்சு விட மேல வரணும். வர முடியல" என்று நிதானமாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. பிள்ளைகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அதன்மேல் மணல் போட்டார்கள். அந்த அண்ணனுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நாங்கள் யாரும் அந்தப் பதிலை அவ்வளவு நேராகச் சொல்லியிருக்க மாட்டோம்.

அதற்கு மறுபக்கத்தையும் பிள்ளைகள் பார்த்தார்கள். 1988லிருந்து இந்தக் கரையில் இரவெல்லாம் நடந்து ஆமை முட்டைகளைப் பொறிப்பகத்தில் சேர்க்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவின் தன்னார்வலர்களுக்கும் வனத்துறை ஊழியர்களுக்கும் நன்றி. ஒன்றரை மாதத்துக்கு மேல் மணலுக்குள் இருந்து வெளிவரும் குஞ்சுகளை மாலையில் கடலுக்கு விடும்போது கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தோம். வெளிச்சத்தை நோக்கித்தான் குஞ்சுகள் போகும், அதனால் டார்ச், செல்போன் வேண்டாம் என்றார்கள். எந்தக் குழந்தையும் செல்போன் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சக்கர நாற்காலியில் வரும் எங்கள் குட்டி நண்பனுக்குப் பெசன்ட் நகர் மணல் ஒத்துவரவில்லை, சக்கரம் புதைந்துவிடும். அதனால் ஒரு வாரம் எல்லோருமாக மெரினாவுக்குப் போனோம். 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறந்த மரப்பாதை வழியாக அவன் அலை அருகே போனான். அவன் அம்மா அவனை இறக்கி ஈர மணலில் உட்கார வைத்தார். அலை வந்து இடுப்பைத் தொட்டதும் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பாதைக்காகப் பல ஆண்டுகள் மனு கொடுத்துப் போராடிய மாற்றுத்திறனாளி தோழர்களுக்கும் அதைக் கட்டிக்கொடுத்த மாநகராட்சிக்கும் எங்கள் நன்றி. புயல் அடித்துச் சேதமானபோது சரிசெய்தவர்களுக்கும்.

பெற்றோரின் பயத்தைக் கையாண்டவர் எங்களில் ஒருவரான குழந்தை மருத்துவர். மண்ணில் விளையாடினால் நோய் வருமா என்று கேட்காத வீடு இல்லை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், நாய் பூனை அசுத்தம் செய்யும் இடத்தில் வெறுங்காலோடு விடாதீர்கள், அங்கன்வாடியில் ஆண்டுக்கு இரண்டு முறை தரும் பூச்சி மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். இவ்வளவுதான், மற்றபடி விளையாட விடுங்கள் என்றார். ஒரு வயது தாண்டிய குழந்தை நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், 2 முதல் 4 வயது வரை திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதையும், வெளி வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்பதையும் அவர் பொறுமையாக விளக்கிய பிறகு, தயங்கிக்கொண்டிருந்த பல அப்பாக்கள் வந்தார்கள்.

இட்லி கட்டிக்கொண்டு வந்தவர்கள், குழாய் வேலை செய்யாத நாட்களில் குடத்தில் தண்ணீர் சுமந்தவர்கள், பிள்ளைகளை ஏற்றி இறக்கிய ஆட்டோ அண்ணன், எல்லோருக்கும் நன்றி.

நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. பூங்காக்களைப் புதுப்பிக்கும்போது மூலைக்கு மூலை சிமென்ட் கல்லும் ரப்பர் விரிப்பும் போடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு பூங்காவிலும் ஒரே ஒரு மூலையை வெறும் மண்ணாக விட்டுவிடுங்கள். ஒரு பூவரசு, ஒரு புங்கமரம், பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். செலவே இல்லை. எங்கள் மேற்பார்வையாளர் ஐயாவுக்குப் புரிந்தது எல்லா வட்டத்திலும் புரிந்தால் இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது கிடைக்கும்.

ஆடிக்காற்று அடிக்கத் தொடங்கியதும் மறுபடி கூடுவோம். முதல் ஞாயிறு பூங்காவில், அதே தூங்குமூஞ்சி அடிமரத்துக்குப் பக்கத்தில், காலை ஆறரைக்கு. புதிதாக வருகிறவர்கள் தொப்பி, தண்ணீர் பாட்டில், ஒரு செட் மாற்றுத் துணி கொண்டுவந்தால் போதும். தாத்தா பாட்டி இருந்தால் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
ஞாயிற்றுக்கிழமைக் குழந்தைகளின் பெற்றோர் சார்பாக ஓர் அம்மா