பம்பை மாற்றும் முன் டேங்க் மூச்சுவிடுகிறதா என்று பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெட்ரோல் கார்களில் இரண்டு புகார்கள் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் ஆஃப் ஆகிவிடுவது ஒன்று. டேங்க் பாதிகூட நிறையாத நிலையில் பெட்ரோல் போடும் நாசில் 'டக் டக்' என்று நின்றுவிடுவது மற்றொன்று. முதலாவதற்கு, டேங்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பை மாற்றுகிறார்கள். இரண்டாவதற்கு பங்க் ஊழியரைக் கோபித்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே காரில் தென்பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, டேங்குக்குள் காற்று போய்வரும் வழியைத்தான்.

நாசிலின் நுனியருகே ஒரு சிறு துளை இருக்கும். பெட்ரோல் பாயும் வேகத்தில் அந்தத் துளை வழியே காற்று இழுக்கப்படும். துளையைப் பெட்ரோல் மூடியதும் காற்று தடைபட்டு, உள்ளிருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு இழுபட்டு, விசை விடுபட்டு ஓட்டம் நிற்கும். டேங்க் நிறைந்ததா என்பது நாசிலுக்குத் தெரியாது. தன் துளை மூடியதா என்பது மட்டுமே தெரியும். 30 லிட்டர் பெட்ரோல் உள்ளே போனால், ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்த 30 லிட்டர் காற்றும் ஆவியும் வெளியேறியாக வேண்டும். நிமிடத்துக்கு 35 லிட்டர் வேகத்தில் பாயும்போது அதற்கு வழி இல்லையென்றால், பெட்ரோல் ஃபில்லர் குழாயிலேயே எதிர்த்து ஏறி அந்தத் துளையை மூடிவிடும்.

அந்த வழி இப்படிப் போகிறது: டேங்கின் மேற்புற வால்விலிருந்து, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கக் கரித்துகள் நிரப்பிய கேனிஸ்டர், அங்கிருந்து வென்ட் வால்வு, பிறகு ஒரு சிறு ஃபில்டர், அதன் பின் வெளிக்காற்று. கேனிஸ்டரின் இன்னொரு குழாய், பிடித்த ஆவியை எரிப்பதற்காக, பர்ஜ் வால்வு வழியாக என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குச் செல்லும். பெரும்பாலான கார்களில், மின்சாரம் இல்லாதபோது வென்ட் வால்வு திறந்தும் பர்ஜ் வால்வு மூடியும் இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வென்ட் பக்கம் அடைத்தால் (தூசி, சேறு, சிலந்திக்கூடு எதுவும் போதும்) பெட்ரோல் போடும்போது நாசில் நின்றுநின்று போகும். ஓட்டும்போது நடப்பதோ வேறு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராமல் டேங்கில் வெற்றிடம் உருவாகும். சூடான பெட்ரோல் வெற்றிடத்தில் எளிதாக ஆவிக் குமிழிகளாக மாறும். பம்ப் திரவத்துக்குப் பதில் குமிழியை இழுத்து அழுத்தத்தை இழக்கும். அரைமணி நேரம் நன்றாக ஓடிய கார் தடுமாறி நின்று, சற்று ஓய்ந்த பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஸ்டார்ட் ஆவது இதனால்தான். டேங்க் மூடியில் வெற்றிடத்தைத் தணிக்கும் சிறு வால்வு பொதுவாக உண்டு. அது ஒட்டிக்கொண்டாலோ, வால்வு இல்லாத மாற்று மூடியைப் போட்டிருந்தாலோ அந்தக் கடைசிக் காப்பும் இல்லை.

பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் அறிகுறி நேர்மாறு. நீண்ட ஓட்டத்தில் அல்ல, பெட்ரோல் போட்டு முடித்த உடனே ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஸ்டார்ட் ஆனாலும் ஐடிலில் திணறி அணையும். நிரப்பும்போது கேனிஸ்டரில் சேர்ந்த அடர்ந்த ஆவி முழுவதும் மேனிஃபோல்டுக்குள் பாய்ந்து கலவையைக் கெடுப்பதே காரணம். ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஐடிலில் ஓடவிட்டு, பர்ஜ் வால்வின் கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழற்றி, வால்வின் அந்த முனையில் விரலை வைத்துப் பாருங்கள். இழுப்பு தெரிந்தால் வால்வு கசிகிறது. ஸ்கேனரில் பி0496 என்ற கோளாறுக் குறியீடு வருவதும் இதே திசையைக் காட்டும். பி0446 வந்தால் வென்ட் வால்வையும் அதன் வயரிங்கையும் பார்க்க வேண்டும். வென்ட் அடைப்பும் பர்ஜ் வால்வு திறந்தே நிற்பதும் ஒன்றாக வந்துவிட்டால் என்ஜினின் உறிஞ்சல் நேரே டேங்கின் மேல் விழுந்து, பிளாஸ்டிக் டேங்க் உட்குழிந்துபோகவும் கூடும்.

ஃபில்லர் குழாயோடு ஒட்டிப்போகும் மெல்லிய காற்று ஹோஸையும் தடவிப் பார்க்க வேண்டும். டேங்கை இறக்கி ஏற்றிய பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால், அது மடிந்து நசுங்கியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

பம்ப் உண்மையிலேயே குற்றவாளியா என்பதை யூகிக்கத் தேவையில்லை. பிரஷர் கேஜ் சொல்லிவிடும். இன்டேக் குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில் பெட்ரோல் அழுத்தம் பொதுவாக 3 முதல் 4 பார் வரை இருக்கும். துல்லியமான அளவு அந்தந்த காரின் கையேட்டில் உண்டு. அழுத்தம் சரியும் நேரத்தில் மூடியைத் திறக்க, 'புஸ்' என்று காற்று உள்ளே போய் அழுத்தம் மீண்டால் பம்ப் நிரபராதி. மூடியைத் திறந்தும் மாற்றமில்லை என்றால்தான் பம்ப், அதன் அடியிலுள்ள வலை ஃபில்டர், மின் இணைப்பு என்று தேட வேண்டும். வலை அடைத்திருந்தால் மேட்டில் ஏறும்போதும் வேகம் கூட்டும்போதும் திணறல் அதிகமாகும். கால் டேங்க் இருக்கும்போது வளைவில் மட்டும் அணைகிறது என்றால் பம்பைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் பெட்ரோல் தங்கவில்லை. இரண்டு அறைகள் கொண்ட டேங்கில் ஒரு அறையிலிருந்து மறு அறைக்கு மாற்றித் தரும் ஜெட் பம்ப் செயலிழந்தால், கேஜில் பெட்ரோல் காட்டும்போதே என்ஜின் வறண்டு நிற்கும். டீசல் கார்களில் இந்தக் கேனிஸ்டர் ஏற்பாடு இல்லை. அங்கே நுரையும் அடைத்த காற்றுக்குழாயும்தான் நிரப்பும்போது சிக்கல் தருபவை.

வாசகர்களிடம் வற்புறுத்திக் கேட்பது ஒன்று. நாசில் முதல்முறை தானாக நின்றதும் விட்டுவிடுங்கள். கணக்கை முழு எண்ணாக்க இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றும் பழக்கம்தான் கேனிஸ்டரைக் கொல்கிறது. ஆவியைப் பிடிக்க வைத்த கரிக்குள் திரவம் புகுந்தால் அது நனைந்து செயலிழக்கும். நொறுங்கிய கரித்துகள் வால்வுகளில் போய் அடைக்கும். டேங்கின் மேலே விட்டிருக்கும் காலியிடம் வீண் அல்ல. 40 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 400 மில்லி பெருகும். அது ஒதுங்க இடம் வேண்டும்.

பழுதுபார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேனிஸ்டர் வழியைச் சோதிக்கக் கம்ப்ரஸர் காற்றை டேங்குக்குள் செலுத்தாதீர்கள். கைப்பம்பின் மெல்லிய அழுத்தமே போதும். அதற்கு மேல் போனால் டேங்கும் வால்வுகளும் கெடும். டேங்கை இறக்குவதற்கு முன் பெட்ரோலைக் கால் அளவுக்கும் கீழே குறைத்து, பம்ப் ரிலேயைக் கழற்றி, என்ஜின் தானே அணையும்வரை ஓடவிட்டு லைனின் அழுத்தத்தை இறக்கி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பிரித்துவிட வேண்டும். தீப்பொறி எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

நடு ரோட்டில் கார் நின்றால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள், டேங்கில் எவ்வளவு இருந்தது, கடைசியாக எப்போது நிரப்பினீர்கள், மூடியைத் திறந்தபோது காற்று உள்ளே போகும் சத்தம் வந்ததா என்ற நான்கையும் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். மூடியைத் தளர்த்தினால் ஓடுகிறது என்பதற்காக அப்படியே ஓட்டிச் செல்லாதீர்கள். அது சோதனைக்கு மட்டுமே. திறந்த டேங்கிலிருந்து வரும் ஆவி தீப்பிடிக்கக்கூடியது.

இப்படிக்கு,
மோட்டார் வாகனப் பழுதுநீக்கும் தொழிலாளர்கள் சிலர்