ஆறின கஞ்சி

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் உள்ள எல்லோருக்கும், கோயம்புத்தூர் வரை கூட வந்தவர்களுக்கும் வணக்கம். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். முன்பு மார்பில் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தபோது வாரக்கணக்கில் இழுத்தது. இந்த முறை நோய் பரவிய முதுகெலும்புக்கு, ஒரு தடவைக்கான அளவைக் கூட்டி 5 தடவையிலேயே கரண்ட் வைத்து முடித்துவிட்டார்கள். வீடு வந்து 3 வாரம் ஆகிறது. நேற்றுதான் ஒரு இட்லி முழுசாக இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

பணம் புரட்டித் தந்தவர்கள், மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை உருட்டிக்கொண்டே போன தம்பி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட வாத்தியார் வீட்டம்மா, எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன். "முதல் ரெண்டு மூணு நாள் வலி கூடலாம், பயப்படாதீங்க" என்று சொல்லி மாத்திரையும் கொடுத்தனுப்பிய டாக்டரம்மாவைத் தனியாக. அவர் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த இரண்டாம் ராத்திரி நோய் முற்றிவிட்டது என்றே நினைத்திருப்பேன்.

முதுகெலும்புக்கு முன்னால் ஒட்டினாற்போல் உணவுக்குழாய் போகிறதாம். எலும்புக்கு வைத்த கரண்ட் அதையும் கொஞ்சம் தொட்டுவிட்டது. ஒரு வாரம் கழித்து நெஞ்சுக்கு நடுவில் புண்ணாகி, எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வந்தது. கோத்தகிரிக் குளிரில் சுடச்சுடக் கொடுப்பதுதானே உபசாரம்? பார்க்க வந்தவர்கள் மிளகு ரசம், இஞ்சி டீ என்று ஆவி பறக்கக் கொண்டுவந்தீர்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் டம்ளரைக் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருப்பேன்.

அதைக் கவனித்தது கடைசி வீட்டு அக்கா மட்டும்தான். அவரோடு எனக்குப் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. குழாயடியில் சண்டை போட்டதுதான் உண்டு. மறுநாள் கொழுந்து பறிக்கப் போகும் முன் தூக்குப்போசியோடு வந்து நின்றார். ராகிக் கஞ்சி. துணியில் வடிகட்டி, மோர் ஊற்றாமல் (புளிப்பு எரியும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது), பால் விட்டு, நன்றாக ஆறவைத்தது. "சூடு இல்ல, குடிச்சுப் பாரு" என்றார். 12 நாள் அப்படியே வந்தார். ஒருநாளும் நோயைப் பற்றிக் கேட்டதில்லை.

அசதி இன்னும் விடவில்லை. பத்துப் படி ஏறினால் உட்கார வேண்டியிருக்கிறது. சரி, போகட்டும். இனி இந்தப் பக்கம் யாருக்குக் கரண்ட் வைத்தாலும் முதல் ஆளாக நான் போய் நிற்பேன், ஆறின கஞ்சியோடு.

அக்கா, உங்கள் போசி என்னிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்பார்கள். தெம்பு வந்ததும் பணியாரம் சுட்டு நிரப்பிக் கொண்டுவருகிறேன். அதுவரை குழாயடியில் நீங்களே முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.